எண்ணெய் ஏறிய லாரி

விழுப்புரத்தில் பட்டறை வைத்திருந்த மேஸ்திரி ஒரு பொய்யர். தன் பொய்யை என் தலையில் கட்டிவிட்டு, வெற்றிலை மென்றுகொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தவர்.

அப்போது யுத்த காலம். கூப்பன் இருந்தால்தான் பெட்ரோல். பாதி லாரிகள் பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் ஓட, முதுகில் கரி அடுப்பைச் சுமந்து இருமிக்கொண்டு போயின. எங்கள் முதலாளி திண்டிவனத்து மல்லாட்டை வியாபாரி; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். யாரையோ பிடித்துக் கூப்பன் வாங்கிவிடுவார். அவர் லாரிக்கு நான் டிரைவர். எங்கள் சேரியில் ஸ்டீயரிங் பிடித்த முதல் ஆள் நான்தான். அதனால் லாரியில் எது கெட்டாலும் முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள். எஞ்சினை அப்புறம் பார்ப்பார்கள்.

ஒரு நாள் எஞ்சின் பக்கத்திலுள்ள பெட்ரோல் பம்பு மக்கர் செய்தது. அதற்குள் வட்டமாக ஒரு சவ்வு உண்டு. மேலே பெட்ரோல், கீழே எஞ்சின் எண்ணெய். இரண்டும் கலக்காமல் தடுப்பது அந்தச் சவ்வுதான். மேஸ்திரி அதை மாற்றிவிட்டு, "சீமைச் சரக்கு. மெட்ராஸ்லயே கெடைக்காது" என்றார்.

அடுத்த வாரமே பெட்ரோல் கரைய ஆரம்பித்தது. முதலாளி எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினார். எண்ணெய் மட்டம் ஏறியிருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் ஏறியது.

"பாத்தியாடா, ஊத்தாமலே ஏறுது! மயிலம் முருகன் கண்ணத் தொறந்துட்டான்."

"பெட்ரோலு கொறையுதுங்களே, மொதலாளி?"

"அத நீதான் சொல்லணும்."

ஏறினால் முருகன், இறங்கினால் நான்! அன்றே முதலாளி லாரியின் மூக்குக்கு மாலை போட்டு, அதன் முன்னால் தட்டு நிறையச் சூடம் கொளுத்தினார். பெட்ரோல் நிரம்பிய எஞ்சினுக்கு ஒரு முழம் தள்ளித் தீ. ஒருவரும் வேகாமல் வீடு திரும்பினோமே, அது ஒன்றுதான் அதில் நிஜமான அற்புதம்.

பிறகு விழுப்புரம் சந்தையில், பெட்ரோல் ஏன் குறைகிறது என்று முதலாளி மேஸ்திரியைக் கேட்டார். மேஸ்திரி நாலு பேர் காதில் விழும்படி சொன்னார்: "பம்புல கொற இல்லீங்க. ஓட்றவன் கையிலதான் கொற. சேரிக்காரன் கையில கூப்பன் பெட்ரோலக் குடுத்தா வித்துக்கினுதான் இருப்பான்." மூட்டை தூக்குகிறவர்கள்கூடச் சிரித்தார்கள்.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பெட்ரோலு எங்க போச்சுன்னு சொல்லு. இல்லாட்டிப் போலீஸ்ல போய்ச் சொல்லு" என்றார் முதலாளி.

கூப்பன் பெட்ரோலை விற்றால் ஜெயில். ஜெயிலுக்குப் போய் வந்த சேரிக்காரனிடம் மறுபடி யார் லாரியைக் கொடுப்பார்கள்?

காலையில் திண்டிவனத்தில் அந்தக் கம்பியை நானே உருவினேன். அத்தனை நாளும் எல்லோரும் அதைப் பார்த்தோமே தவிர, ஒருவரும் முகர்ந்து பார்க்கவில்லை. நானும்தான். மூக்கருகே கொண்டு போனேன். குப்பென்று பெட்ரோல் வாசனை.

பம்பின் மேல் மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் குறுக்கே ஆணியால் ஒரு கோடு கீறிக்கொண்டு திருகுகளைக் கழற்றினேன். உள்ளே இருந்த சீமைச் சரக்கு பழைய சைக்கிள் டியூப். பஞ்சர் ஒட்டிய தடம்கூட இருந்தது. பெட்ரோலில் ஊறி, நனைந்த அப்பளமாய் உப்பி, நடுவில் கிழிந்திருந்தது.

கிளியனூரில் அதே மாதிரி எஞ்சின் வைத்த பஸ் ஒன்று ஓடாமல் கிடந்தது. சைக்கிளில் போனேன். பஸ்ஸுக்கு உடையவரின் மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"இன்னாப்பா வேணும்?"

"பம்புல ஒரு சவ்வு, அக்கா. ஜல்தியா எடுத்துக்கினு போயிடறேன்."

"எத வேணா எடுத்துக்க. எஞ்சின் மேல கோழி அடகாக்குது. அது எந்திரிச்சுதுன்னா உன்னத்தான் அங்க உக்கார வெப்பேன்."

கோழி என் புறங்கையைக் கொத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு திருகாகக் கழற்றினேன். உள்ளே நிஜமான சவ்வு, வார்னிஷ் ஏறிய துணி, கிழிசல் இல்லாமல் இருந்தது.

திரும்பி வந்து அதைப் பொருத்தினேன். கீறிய கோடு சேரும்படி மூடியை வைத்து, எதிரெதிர்த் திருகுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். பழைய எண்ணெயை டின்னில் வடித்துவிட்டுப் புதிது ஊற்றினேன். எஞ்சின் பிடித்தது.

சாயங்காலம் முதலாளி வந்தார். டின்னில் இருந்ததைக் கொஞ்சம் கல்லின் மேல் விட்டு, தள்ளி நின்று தீக்குச்சியைப் போட்டேன். பக்கென்று பிடித்தது.

"இதான் மொதலாளி நீங்க மால போட்ட எண்ணெ. பெட்ரோலு இங்கதான் போயிருக்குது."

டியூப் துண்டையும் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி சரி. வெளிய சொல்லாத. சூடம் கொளுத்தினது ஊருக்கே தெரியும். நாளைக்கு லோடு இருக்குது, வந்துடு."

வேலை தப்பியது, ஜெயில் தப்பியது. திருடன் என்ற பேர் மட்டும் தப்பவில்லை. முதலாளியின் மானத்தைக் காப்பாற்ற நான் வாயை மூடிக்கொண்டேன். விழுப்புரம் சந்தையில் மூட்டை ஏற்றும்போதெல்லாம், "இன்னிக்கி எத்தினி காலன் பெட்ரோலு வித்த?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

முதலாளி இப்போது இல்லை. இனி நான் யாருக்காக வாயை மூட வேண்டும்? மேஸ்திரி உயிரோடுதான் இருக்கிறார். மேஸ்திரியே, அந்த டியூபை வெட்டி உள்ளே வைத்தது யார்? பட்டறைக்குள் என்னைக் கூப்பிட்டுக் காதில் சொல்ல வேண்டாம். சந்தை நாளில், என்னைத் திருடன் என்று சொன்ன அதே இடத்தில் நின்று, அதே சத்தத்தில் சொல்லும்.