நனைந்த பெல்பாட்டம்

அண்ணன் மகள் போன வாரம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நிணநீர்க் குழாய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். உடம்பில் ஊறும் நீரைக் கீழிருந்து மேலே ஏற்றும் மெல்லிய குழாய்கள் அவை. திரையில் ஒரு குழாய் சுருங்கி விரிந்தது. உள்ளே இரண்டு இதழ்கள் திறந்து நீரை மேலே விட்டு, அது திரும்பி இறங்குமுன் மூடிக்கொண்டன. இதழ்களின் விறைப்பை மட்டும் மாற்றிக் கணினியை மறுபடி கணக்குப் போட வைத்தாள். இப்போது அவை சரியாக மூடவில்லை. ஏறிய நீர் இறங்கி அடியிலேயே தேங்கியது.

"காலு வீங்கறது இப்படித்தான் சித்தப்பா" என்றாள்.

"அட, ஃபுட் வால்வு!" என்று கத்திவிட்டேன்.

நான் வேறென்ன சொல்வேன்? எழுபதுகளில் திருச்செங்கோட்டில் பம்புசெட்டு சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தவன். கிணற்றுக்குள் தொங்கும் குழாயின் அடியில், ஏறிய தண்ணீரை இறங்கவிடாமல் பிடித்து வைக்கும் மூடிதான் ஃபுட் வால்வு. அதிலிருக்கும் தோல் வாஷர் தேய்ந்துவிட்டால் சாணியைக் கரைத்துக் குழாயில் ஊற்றுவார்கள், ஓட்டை அடைபடும். அதுவும் பலிக்காதபோது வால்வைக் கழுவாமலே கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்கள். அந்தக் கடையை நினைத்தாலே கிரீஸோடு சாணி வாசமும் வருகிறது. "தோலு போச்சுங்க, மாத்தீருங்க" என்று வைத்தியர் மாதிரி சொல்வேன். அந்த வைத்தியருக்கு இடது கால் யானைக்கால்.

முழங்காலுக்குக் கீழே அப்போதுதான் வீங்கத் தொடங்கியிருந்தது. நல்லவேளையாக பெல்பாட்டம் வந்தது. பாதத்தை மூடும் அளவுக்கு அகலமாகத் தைத்துப் போட்டுக்கொண்டேன். ஊரில் என்னைப் பெரிய மைனர் என்று நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை.

எடப்பாடிப் பக்கம் பெண் பார்க்க அண்ணன் கூட்டிப்போனார். வாசலில் பெண்ணின் அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். கால் கழுவாமல் உள்ளே நுழைகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. பேண்டைத் தூக்காமல் அப்படியே மேலே ஊற்றிக்கொண்டேன்.

"பேண்டத் தூக்கிக்குங்க சாமி, நனையுதில்ல" என்றார் அந்த அம்மா.

"பரவால்லீங்க, வெயிலுக்கு நல்லாருக்குது" என்றேன். என் புத்திசாலித்தனத்தைப் பாருங்கள்!

உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். நனைந்த துணி காலோடு ஒட்டிக்கொண்டு, இத்தனை நாள் மறைத்ததை அப்படியே காட்டிக்கொண்டிருந்தது. காப்பி கொண்டுவந்த பெண்ணின் பார்வை அங்கே போய் நின்றது. அவள் முகம் சுளிக்கவில்லை. உள்ளே போய் ஒரு துண்டை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அதனாலேயே அவமானம் தாங்க முடியவில்லை. துண்டைத் தொடவே இல்லை.

ஜாதகம் பொருந்தவில்லை என்று பெண் வீட்டிலிருந்து ஒருவர் வந்து சொன்னார். என் ஜாதகத்தை அவர்கள் வாங்கவே இல்லை. "வேற எடம் பாக்கலாம்டா" என்றார் அண்ணன். அதற்குப் பிறகு நான் எந்த வீட்டு வாசலிலும் சொம்பு வாங்கவில்லை. தனிக்கட்டையாகவே காலம் போய்விட்டது.

"சித்தப்பா, உங்க காலக் காட்டுங்க. அளவெடுத்து இதுல போட்டுப் பாக்கலாம்" என்றாள் அண்ணன் மகள்.

இப்போது பெல்பாட்டம் இல்லை. சொம்போடு யாரும் வாசலில் நிற்பதில்லை. கிணறுகள் வற்றிப்போய், ஃபுட் வால்வு கேட்டு வருவோரும் இல்லை. ஆனாலும் அவள் குனிவதற்குள் என் கை தானாகப் போய் வேட்டியைப் பாதம்வரை இழுத்துவிட்டது.