மூன்றாவது நெருப்பு

சட்டை கம்பெனியில் பொத்தான் துளைக்குக் காஜா போடும் மெஷினில் உட்காருபவள் என்பதால் அவள் எல்லோருக்கும் காஜா அக்கா. சாப்பாட்டு நேரத்தில் பாதி, எதிரிலிருந்த வீடியோ கேம் கடையில் கழியும்.

அங்கே கடைக்காரர் விற்கும் வழிகாட்டிப் புத்தகம் எல்லோருக்கும் மனப்பாடம். ஏழாம் கட்டத்தில், நெருப்பைக் கண்டதும் குதிக்க வேண்டும் என்றது அது. குதித்தவர்கள் எல்லோரும் கருகினார்கள்; கருகிவிட்டுத் தங்கள் கையையே திட்டிக்கொண்டார்கள். புத்தகத்தைச் சந்தேகிக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

புத்தகம் வாங்காத அவள் பதினோரு நாள் தோற்றாள். மூன்றாவது முறை எரிந்ததும் நெருப்பு ஒரு கணம் படுப்பதைக் கண்டுகொண்டு, பன்னிரண்டாம் நாள் தாண்டினாள்.

முதலிடப் பலகையில் அவள் பேரை எழுதக் கடைக்காரர் மறுத்தார்.

"இது செல்லாதும்மா. புத்தகத்துல இல்லாத வழி. ஆம்பளைங்களே ஆறு மாசமா முட்டிக்கிட்டிருக்காங்க."

"எழுதினவரு இதைத் தாண்டினாரான்னு கேட்டீங்களா அண்ணே?"

"அச்சுல வந்திருக்கே."

"எங்க கம்பெனில சட்டைக்குத் தப்பான சைஸும் அச்சுலதான் வருது."

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. இன்னொரு காசைப் போட்டு, ஆறு கட்டங்களையும் மறுபடி கடந்தாள். நெருப்பு வந்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணினாள்: "ஒண்ணு. ரெண்டு. மூணு."

தாண்டிவிட்டாள்.

கடைக்காரர் சாக்பீஸைத் தேடினார். "பேரு என்னன்னு போட?"

"அப்புறம் சொல்றேன், ஸ்கிரீனை மறைக்காதீங்க" என்றாள். திரையில் எட்டாம் கட்டம் தொடங்கியிருந்தது.