தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஒரு கதவு

தொண்ணூறுகளின் நடுவில், பீளமேட்டில் நான் பொறியாளராக இருந்த நூற்பாலையில் புதிதாக ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். அதைத் தாங்க நான்கு கால்கள் வேண்டாம், மெல்லிய தகட்டை வட்டமாக வளைத்து ஒரே பெரிய குழாயாக நிறுத்தலாம் என்று வரைபடம் போட்டவன் நான்தான். வேலையை எடுத்தவர் மானேஜரின் மச்சான்; பக்கத்து ஊரான கணபதியில் பட்டறை வைத்திருந்தார். மூன்று இடங்களில் விலை கேட்க வேண்டும் என்பது விதி. மூன்று விலையும் ஒரே கையெழுத்தில் வந்தன.

ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினால், குழாயின் அடியில் ஆள் நிமிர்ந்து நுழைகிற அளவுக்கு ஒரு கதவு. உள்ளே வாட்ச்மேனின் டிரங்குப் பெட்டி, மண்ணெண்ணெய் ஸ்டவ், பாய். அவர் மனைவி வாசலில் கோலம்கூடப் போட்டிருந்தார்.

"யார் வெட்டச் சொன்னது?" என்றேன்.

மச்சான் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கினார். "உள்ள சும்மாதானுங்க கெடந்துச்சு. இவங்களும் வாடகைக்கு ஊடு தேடி அலைஞ்சாங்க. மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டு வெட்டிப்போட்டேனுங்க."

"அது வீடில்லைங்க. தூண்."

"சுத்தியும் செவுரு இருக்குதுங்களே."

கொங்கு நாட்டில் ஒரு முழம் இடம் சும்மா கிடந்தால் யாருக்கும் தூக்கம் வராது. வரப்பில் துவரை, கொட்டகையின் பரணில் சோளத்தட்டு, தொட்டியின் அடியில் குடித்தனம்.

மெல்லிய தகடு தன் வளைவால்தான் சுமக்கிறது. தட்டையாக நிறுத்தினால் சொந்த எடைக்கே துவளும் தகட்டை, வட்டமாக வளைத்தால் தலையில் டன் கணக்கில் ஏற்றலாம். ஆனால் அது மெல்ல நசுங்குவதில்லை. உருவம் தப்பி, சொல்லாமல் கொள்ளாமல் மடியும். கை அகலச் சொட்டை ஒன்றே அதன் பலத்தை வெகுவாகக் குறைத்துவிடும். கதவு வெட்டினாலோ, அந்த அகலத்தில் இறங்க வேண்டிய சுமை முழுக்கக் கதவின் இரண்டு ஓரங்களிலும் போய்க் குவியும். அங்கே தாங்கலுக்கு ஒரு பட்டைகூடப் பற்றவைக்கவில்லை. கீல் மட்டும் அருமையாக வைத்திருந்தார்.

மானேஜர் வந்து தகட்டைத் தட்டிப் பார்த்தார். "கிண்ணுனு இருக்குதுங்களே சார்."

பஞ்சுத் திரி நிரப்பும் பழைய தகர டப்பா ஒன்றின் பக்கவாட்டில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, கவிழ்த்து வைத்தேன். "ஏறி நில்லுங்க."

"எனக்கு முட்டி வலிங்க," என்றார். "வெள்ளிக்கிழமை முதலாளி வாராருங்க. அதுக்குள்ள தண்ணி ரொம்போணும். படிச்சவங்க எதுக்கும் ஒரு தடங்கல் வெச்சிருப்பீங்க."

புதுத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஒரு முறை உண்டு. அடியில் ஆள் இருக்கக் கூடாது, சுற்றிலும் கயிறு கட்ட வேண்டும், கொஞ்சம் ஏற்றி நிறுத்திப் பார்க்க வேண்டும். மோட்டார் அறைச் சாவி என்னிடம் இருந்தது. உள்ளே குடித்தனம் இருக்கும்வரை தரமாட்டேன் என்றேன்.

வாட்ச்மேன் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டார். மனைவி பேசினார். "நீங்க மச்சு ஊட்டுல படுக்கறீங்க. எங்களுக்கு ஒரு கூரை அமைஞ்சா உங்களுக்குப் பொறுக்காதுங்களா?" டிரங்குப் பெட்டியை நான்தான் வெளியே இழுத்து வைத்தேன். ஒருவரும் கை கொடுக்கவில்லை.

சுற்றிலும் கயிறு கட்டிவிட்டு மோட்டாரைப் போட்டேன். பாதித் தொட்டிகூட நிறையவில்லை. தகரக் கூரையில் பாறாங்கல் விழுந்ததுபோல ஒரு சத்தம். கதவின் மேல்மூலைகளிலிருந்து தகடு சாய்சதுரம் சாய்சதுரமாக உள்ளே மடிந்தது. தொட்டி தலையைச் சாய்த்து நின்றது. கயிற்றுக்கு வெளியே இருந்த வால்வைத் திறந்து தண்ணீரை வடித்தோம். கதவு நிலையில் இறுகிப்போயிருந்தது. பிறகு காஸ் வைத்து வெட்டித்தான் திறந்தார்கள்.

மச்சான் சுற்றிவந்து பார்த்தார். "கதவைக் கொஞ்சம் ஒடுக்கமா வெச்சிருக்கோணுங்க."

வாட்ச்மேனுக்கு வேறு அறை தரும்படி மானேஜரைக் கேட்டேன். "உசுரக் காப்பாத்துனது நீங்க. ஊட்டையும் நீங்களே குடுத்துருங்க," என்றார்.

மறுநாள் காலை சைக்கிள் ஷெட்டில், நான் ஸ்கூட்டர் நிறுத்தும் மூலையில், அந்த அம்மாள் ஸ்டவ்வைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"இதுக்கும் ஏதாச்சும் விதி வெச்சிருக்கீங்களா?" என்றார்.

இருந்தது. ஷெட்டில் தீ மூட்டக் கூடாது என்று சுற்றறிக்கை எழுதியவனே நான்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் வெயிலில் நிறுத்தினேன்.