ஹாட்ஸ்பாட் அக்கா

தங்கவயலின் கோரமண்டல் ஸ்டேஷனில் பெங்களூர் ரயிலில் ஏறிய பெண், உட்காரும் முன்பே தன் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டார். நெட் தீர்ந்தவர்கள் "ஹாட்ஸ்பாட் அக்கா வந்தாச்சு" என்று வழக்கம்போல் அதில் சேர்ந்துகொண்டார்கள்.

"இன்னாக்கா, நெட் இல்லியா? குடுங்க," என்று என் போனிலும் வைஃபையைத் திறந்து பாஸ்வேர்டு போட்டார்.

எங்கே, யாரோடு என்று நான் ஓயாமல் கேட்டதில் பெங்களூரில் வேலை செய்யும் மகள் பேச்சை நிறுத்தியிருந்தாள். அவள் விடுதிக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். நெட் வந்தும் என் மெசேஜ் எதுவும் அவளுக்குப் போகவில்லை.

"பிளாக் பண்ணிக்கிறாங்கக்கா," என்றார் என் போனைப் பார்த்து, மெதுவாக. "என் போன்ல பேசுங்க." மகளின் நம்பரைக் கேட்டு அடித்து, ஸ்பீக்கரில் போட்டுத் தந்தார்.

"ஹலோ, யாருங்க?" என்றாள் மகள், இதமாக. வெட்கத்தில் போனை அவரிடமே நீட்டினேன்.

அவரே சொன்னார்: "ராங் நம்பர்மா. சாப்டியா?"

மகள் சிரித்தாள். "சாப்டேங்க."

பெங்களூர் வரை போகாமல், வழியில் பங்காருபேட்டையிலேயே இறங்கி வீடு திரும்பினேன். யாரென்றே தெரியாத பெண்ணிடம் அவருக்குக் கேட்கத் தோன்றியது, எனக்கு ஏன் தோன்றவில்லை?