கூழ்ப்பானை ஏரிக்குப் போன ஞாயிறு

குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு மீன் வரும். கடை மீன் இல்லை, மாமா பிடித்த மீன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. மில்லிக்கனில் எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில் இருந்தார். கிழமை நாட்களில் ஒஷாவாவில் ஒரு ஃபாக்டரியில், இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற மெசினோடு வேலை. ஞாயிறு விடிந்தால் தூண்டில், ஐஸில் துளை போடுகிற நீட்டு ட்ரில், குந்தியிருக்க மடிக்கிற கதிரை எல்லாவற்றையும் தன் வான் வண்டியில் போட்டுக்கொண்டு வடக்கே சிம்கோ ஏரிக்குப் போய்விடுவார். பொழுதுபடத் திரும்பி வரும்போது கையில் ஒரு பை இருக்கும். அம்மா அதை வாங்கிக்கொண்டு சமைக்கக் குசினிக்குள் போவார். யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

நான் கேட்பேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமாவுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே ரசிகை நான்தான். மற்ற வீடுகளில் ராசிபலன் பார்ப்பதுபோல சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் மாமா ஃபோனை எடுத்து ஐஸ் பலன் வாசிப்பார். கண்ணாடிபோல் தெளிந்த ஐஸ் நாலு அங்குலம் கட்டினால் ஆள் நடக்கலாம், வெள்ளையாகக் கட்டினால் அதை நம்பக்கூடாது, ஆறு வந்து விழுகிற பக்கத்தில் எந்தக் குளிரிலும் கால் வைக்கக்கூடாது. இதெல்லாம் எனக்குத் தேவாரத்தை விட நன்றாகப் பாடம். பள்ளிக்கூடத்தில் நான் அடித்த புளுகில் எங்கள் வகுப்பு முழுக்க மாமாவை ஒரு பெரிய வேட்டைக்காரன் என்று நம்பியிருந்தது. பனிக்கரடி வந்த கதையை மட்டும் நானாகச் சேர்த்தேன்.

அந்த வருசம் குளிர் மனமில்லாமல்தான் வந்தது. தை பிறந்தும் மழை தூறிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வழமைபோல பையோடு வந்தார். அம்மா பையைத் திறந்தார். குசினிக்குள் இருந்தே கூப்பிட்டார்.

"தம்பி, இஞ்ச ஒருக்கா வா."

மாமா போனார். நானும் பின்னால் போனேன்.

"சிம்கோ ஏரிக்குக் கடல் எந்தப் பக்கத்தால வந்தது?"

"ஏனக்கா?"

"இது விளைமீன்."

அம்மா வடமராட்சிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். விளைமீனை அவரிடம் ஏரி மீன் என்று கொண்டுவந்து கொடுப்பதற்கு ஒரு துணிவு வேண்டும். அன்றைக்கு ஸ்காபரோ மீன்கடையில் வேறு மீன் முடிந்துபோய்விட்டதாம், பிறகு தெரியவந்தது. அம்மா அதோடு விடவில்லை. "அதுவும் ஏரி இன்னும் கட்டேல்லை எண்டு நேற்றிரவு நீதானே ஃபோனைப் பார்த்து வாசிச்சனி," என்றார். ஐஸே இல்லாத ஏரியில் ஐஸில் துளை போட்டு மாமா கடல்மீன் பிடித்திருக்கிறார். ரீவி பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழும்பி வந்து, மீனைப் பார்த்து, மாமாவைப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

விசாரணையில் எல்லாம் வெளியே வந்தது. அந்த ஞாயிறு மட்டுமில்லை, அதற்கு முந்தின வருசங்களின் ஞாயிறுகளும் கடை மீன்தான். மாமா ஏரியில் ஒரு நெத்தலி கூடப் பிடித்ததில்லை. எனக்கு வந்த கோபத்தில் நான் அவரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. மற்றவர்களோ கதைத்துக் கொன்றார்கள். அப்பா அவரைக் 'கடலோடி' என்று கூப்பிடத் தொடங்கினார். ஒஷாவாவில் இருந்து பெரியம்மா ஃபோன் எடுத்தால் சுகம் விசாரிக்க முதல், "இண்டைக்கு என்ன, சுறாவோ?" என்பார். மாமா பேஸ்மென்ற்றுக்கு இறங்கிப் போவார்.

அம்மாவுக்கு இது சிரிப்போடு முடிகிற விசயமாக இருக்கவில்லை. மாமாவுக்கு வயது முப்பத்தைந்து தாண்டிவிட்டது, பெண் பார்க்கக் கூப்பிட்டால் ஞாயிறு ஏரி என்று நழுவிவிடுவார், இப்போது பார்த்தால் ஏரியில் மீனும் இல்லை. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். தூண்டில், ட்ரில் எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டும், இனி ஞாயிற்றுக்கிழமையில் மாமா வீட்டில் நிற்க வேண்டும், கூட்டிக்கொண்டு போகிற வீடுகளுக்கு வரவேண்டும்.

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவர் முகம் அப்படி வாடி நான் அதற்குமுன் கண்டதில்லை. என் கோபம் எல்லாம் போய்விட்டது. கடைசியில் சொன்னார்: "ஒரு ஞாயிறு தாங்கோ அக்கா. எல்லாரும் வாங்கோ. உங்கட கண்ணுக்கு முன்னால பிடிக்கிறன்."

"சரி," என்றார் அம்மா. "கூழ்ப்பானையோட வாறம். உன்ர மீன் இல்லையெண்டால் கூழும் இல்லை, ஞாயிறும் இல்லை."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் ஐஸ் பலன் பார்க்கத் தொடங்கினார்கள். அப்பா வேலைக்குப் போகுமுன் ஏரிக்கரையின் வெப்பநிலையைப் பார்த்தார். கட்டுவதும் உடைவதுமாக ஏரி எங்களை இழுத்தடித்தது. மாசியில்தான் ஒரு கடுங்குளிர் பிடித்து, இரவும் பகலும் விடாமல் ஒரு கிழமை நின்றது. சனிக்கிழமை இரவு மாமா ஃபோனை மேசையில் வைத்துவிட்டு, "எட்டு அங்குலம், தெளிஞ்ச ஐஸ்," என்றார். அம்மா எழும்பிப் போய்க் கூழுக்கு, காய்ந்த பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாவை ஊறப்போட்டார்.

ஒஷாவாவில் இருந்து பெரியம்மாவும் பெரியப்பாவும் வந்தார்கள். வானுக்குள் காஸ் அடுப்பு, பெரிய பானை, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, புளி, அரைத்த மிளகாய், சில்வர் ரம்ளர்கள். கூழுக்கு வேண்டியதில் மீன் ஒன்றுதான் இல்லை. நண்டும் றாலும் போடாத கூழும் ஒரு கூழோ என்று பெரியம்மா வழி முழுக்கப் புறுபுறுத்தார். அம்மா மசியவில்லை, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

ஏரி வெள்ளைவெளேரென்று கண்ணுக்கு எட்டாத தூரம் வரைக்கும் கிடந்தது. அங்கங்கே சின்னக் கூடாரங்கள், அவற்றின் பக்கத்தில் ஆட்கள். மாமா முன்னால் போய் ஒரு இரும்புக் கம்பியால் குத்திக் குத்திப் பார்த்து, தான் மிதித்த இடத்திலேயே மிதிக்கச் சொல்லி எங்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனார். நடுவில் எங்கேயோ அடியில் ஐஸ் பெரிதாக உறுமியது. அம்மா முருகா என்று அப்படியே குந்திவிட்டார். அது ஐஸ் இறுகுகிற சத்தம், நல்ல சத்தம் என்று மாமா சொன்னார். "நல்ல சத்தமெண்டால் நீ கேள், நான் கரைக்குப் போறன்," என்றார் அம்மா. ஆனால் போகவில்லை. பானையை அப்பா தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

மாமா துளை போட்டார். வானில் கொண்டுவந்த ஒரு புது வாளியில் உயிர்ச் சின்ன மீன்கள் இரையாக நீந்தின. அதில் ஒன்றைப் பிடித்துத் தூண்டில் கொழுவியில் குத்த அவருக்கு நெடுநேரம் எடுத்தது. விரல் விறைத்துவிட்டது என்றார். அப்பா, "கடலோடி, நான் வரட்டோ?" என்று கேட்டார். தூண்டில் இறங்கியது. நாங்கள் காத்திருந்தோம்.

அங்கேதான் அம்மா எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழையை விட்டார். ஆட்களுக்குப் பசிக்கும், மீன் வந்த பிறகு கிழங்கு அவியக் காத்திருக்க ஏலாது என்று, மீன் வருமுன்னமே உலையை வைத்துவிட்டார். பலகை போட்டு அதன்மேல் அடுப்பு, அடுப்பின்மேல் பானை. பயிற்றங்காய் வெந்தது, பலாக்கொட்டை வெந்தது, கிழங்கும் வெந்தது. ஏரியில் எந்த அசைவும் இல்லை.

"தம்பி, கிழங்கு கரையப்போகுது."

"ஓம் அக்கா."

"அடுப்பைக் குறைச்சுப்போட்டன். ஆனால் கரையும்."

மாமா துளையின் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். வேறு இடத்தில் இன்னொரு துளை போட்டார், இரையை மாற்றினார், திரும்பவும் முதல் துளைக்கு வந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து, எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களுக்கும் நேர்த்தி வைத்தேன். சிரித்துக்கொண்டு வந்த அப்பாவும் பெரியப்பாவும் மெல்ல மெல்லச் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். பாவமாக இருந்திருக்க வேண்டும். பெரியம்மா, வந்ததுக்கு மரக்கறிக் கூழாவது குடிப்போம் என்றார். நான் திரும்பிப் பார்த்தபோது அம்மா கோட்டுக்குள் கைவிட்டு எதையோ பாதி வெளியே எடுத்தார். உறைந்த றால் பக்கற் ஒன்று. நான் பார்ப்பதைக் கண்டதும் திரும்ப உள்ளே தள்ளிவிட்டார்.

அப்போது தூண்டில் தடி வளைந்தது.

கொஞ்சமாக இல்லை. நுனி துளைக்குள் போய்விட்டது. மாமா பிடித்தார், நூல் சுர்ரென்று ஓடியது, அப்பா இழு என்றார், பெரியப்பா விடு என்றார். தூண்டிலை வாழ்நாளில் தொட்டிராத இரண்டு பேரும் இரண்டு பக்கமும் நின்று கட்டளையிட்டார்கள். மாமா இரண்டையும் கேட்கவில்லை. இழுப்பதும் விடுவதுமாக அந்த மீனோடு நின்றார். துளைக்குக் கிட்ட வந்ததும் அது குறுக்கே திரும்பித் தலையை ஐஸுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மாமா கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, ஐஸில் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டார். பிறகு கை வெளியே வந்தது. கையோடு, என் காலளவு நீளத்தில் ஒரு ட்ரவுட் மீன் செவுளில் தொங்கிக்கொண்டு வந்து பனியில் விழுந்து துள்ளியது.

நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கூடாரங்களில் இருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். யாருக்காவது அடிபட்டுவிட்டதோ என்று ஒருவர் ஓடியே வந்தார். அப்பா மாமாவைக் கட்டிப்பிடித்தார். பெரியப்பா வீடியோ எடுத்தார், அதில் அவருடைய கட்டைவிரல்தான் அதிகம் இருக்கிறது. நான் மீனைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். எனக்கு அவ்வளவு பெருமை. என் புளுகெல்லாம் ஒரே நொடியில் உண்மையாகிவிட்டது, கரடியைத் தவிர. மாமாவும் சிரித்தார், ஈரக்கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளைபோலச் சிரித்தார். அம்மா கிட்ட வந்து மீனின் முகத்தைப் பார்த்தார். "ஏரி மீன்தான்," என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்தார்.

கிழங்கு கரைய முதல் மீன் பானைக்குள் விழுந்தது. தலையும் சேர்ந்து விழுந்தது. ஒடியல் மாவும் மிளகாயும் புளியும் கரைத்து ஊற்றியதும் எழும்பிய மணம் அந்த ஏரிக்கு முன்பின் தெரியாத மணமாக இருந்திருக்கும். நின்றபடியே ரம்ளர் ரம்ளராகக் குடித்தோம். மூக்கு ஒழுகியது, கண் எரிந்தது, குளிர் போன இடம் தெரியவில்லை. றாலில்லாக் கூழைப் பெரியம்மா மூன்றாம் தரம் வாங்கியபோது யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

முதலில் ஓடிவந்த அந்த மனிதர் பக்கத்துக் கூடாரத்துக் கிழவர், வெள்ளைக்காரர். அம்மா அவருக்கும் ஒரு ரம்ளர் கொடுத்தார். ஒரு மிடறு குடித்துவிட்டுச் சிவந்துபோய் நின்றார், பிறகு இன்னொரு மிடறு குடித்தார். நான் ஆங்கிலம் கதைக்கிற பிள்ளை என்பதால் என் பக்கம் குனிந்து சொன்னார், மூன்று குளிர்காலமாக உன் மாமாவைப் பார்க்கிறேன், நல்ல மனிதன், காலையில் வந்து பின்னேரம் வரைக்கும் துளைக்குப் பக்கத்தில் இருப்பான், ஆனால் அவன் கொழுவியில் இரை குத்தி நான் பார்ப்பது இன்றைக்குத்தான்.

வெள்ளைக்காரக் கிழவர்கள் சொல்கிற பகிடிகளில் ஒன்று என்று நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஓடிப்போய் மாமாவிடமும் சொன்னேன். மாமா என்னைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார். "மருமோள், மனுசனுக்கு உறைப்புத் தலைக்கேறிட்டுது," என்றார்.

அதற்குள் அப்பா ஃபோனில் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு அஜெக்ஸில் இருந்து இரண்டு குடும்பம், சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்து பெரியப்பாவின் கூட்டாளிகள், இன்னொரு வான், இதைவிடப் பெரிய பானை. தூண்டிலை விற்கிற கதையே இனி இல்லை என்று அம்மா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "உன்ர ஞாயிறு உனக்குத்தான் தம்பி. நாங்களும் இனி ஒவ்வொரு கிழமையும் வாறம். ஓமோ?"

மாமா துளைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். தண்ணீரின்மேல் கண்ணாடித்தாள்போல ஐஸ் திரும்பவும் கட்டத் தொடங்கியிருந்தது. அதை விரலால் தட்டித் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார். கிழமை முழுக்க அவருக்கு வேலையில் மெசின் சத்தம், வீட்டில் எங்கள் சத்தம், ஞாயிறு ஏரியில்தான் இரண்டும் இல்லாமல் இருந்தது.

"ஓம் அக்கா, வாங்கோ," என்றார் பிறகு.

வென்ற சந்தோசத்தில் மாமாவுக்கு அதற்குமேல் வாய் வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் அவருடைய மடிக்கிற கதிரையில் ஏறி நின்று, அடுத்த ஞாயிறும் வருவோம், அதற்கடுத்த ஞாயிறும் வருவோம் என்று அந்த ஏரி முழுக்கக் கேட்கக் கத்தினேன்.