வாகைப் பெட்டியின் நான்காவது அறை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பீளமேட்டில் ஒரு தொழிற்கல்லூரியில் முப்பது வருஷம் தச்சுப் பட்டறை வாத்தியாராக இருந்தவன், மரம் ஏன் வெடிக்கிறது, ஏன் உப்புகிறது, பழைய அலமாரி ஏன் தானாக முனகுகிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன். ஆனைமலைக் கோயிலில் நியாயம் கேட்டு மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் அப்புகிறவர்களைப் பார்த்துச் சிரித்தவனும்கூட. அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. நடந்ததைச் சொல்கிறேன், என் தப்பையும் சேர்த்து.

என் அக்கா மயிலாத்தாள் என்னைவிடப் பத்து வயது மூத்தவள். இருபத்திரண்டு வயதில் புருஷனை இழந்து, வெள்ளைச் சேலையோடு பொள்ளாச்சிப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக்கே திரும்பி வந்தாள். அம்மா இல்லாத வீடு. நான் கோயமுத்தூருக்குப் படிக்கப் போனதே அவள் அப்பாவிடம் இரண்டு நாள் சோறு தின்னாமல் சண்டை பிடித்ததால்தான்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் மணப்பெண்ணைப் போலச் சிங்காரித்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நிற்பாள். கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளை கக்கத்தில் இடுக்கிக்கொள்ள, மறுமுனையை அவள் பிடித்துக்கொள்வாள். உனக்குக் குடும்பம் வந்தாலும் நான் உன்னை விடவில்லை, நீயும் என்னை விடாதே என்பதுதான் அதன் அர்த்தம் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். புருஷன் இல்லாதவள் அதைச் செய்யக்கூடாது என்பது ஊர் வழக்கம். நான் படித்த திமிரில், "அக்கா, நீங்கதான் எனக்கு இணைச்சீர் பண்ணோணும், எவன் தடுக்கறான்னு பாத்துப்போடறேன்" என்று ஒரு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் முதலில் வேண்டாம் என்றாள், பிறகு சிரித்தாள், கடைசியில் நம்பிவிட்டாள்.

ஐம்பதுகளின் கடைசி அது. கல்யாணத்தன்று பெரியம்மா எல்லோர் முன்னாலும் சாதாரணமான குரலில்தான் சொன்னார். "தாலி அறுத்தவ கையில முந்தியக் குடுத்துப்போட்டு, நாளைக்கு உன்ற பொண்டாட்டிக்கு ஒண்ணுன்னா ஆரு கண்ணு பதில் சொல்றது?" மாமா ஒருவர், "படிச்ச மாப்பிள்ளை, அதுக்கும் ஒரு சட்டம் வெச்சிருப்பாப்ல" என்றார். சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெரியப்பா மகள் வந்து நின்றாள், சேலை முனையைப் பிடித்தும் பிடிக்காமலும் வைத்திருந்தாள், அவள் கண்ணெல்லாம் பந்தி எப்போது போடுவார்கள் என்பதில். அக்கா நெல் அறையில் இருந்தாள் என்று பிற்பாடு தெரிந்தது. புதுசாய்த் துவைத்துக் கட்டிய வெள்ளைச் சேலையோடு, கதவைச் சாத்திக்கொண்டு.

அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக அவளுக்கு ஒரு பெட்டி செய்யத் தொடங்கினேன். நான்கு இழுப்பறை வைத்தது, இடுப்பு உயரம். அவளுக்கென்று அந்த வீட்டில் இருந்தது ஒரு தகரப் பெட்டிதான். கிணற்று மேட்டில் சாய்ந்த வாகை மரத்தை அறுத்து இரண்டு வருஷம் காயப்போட்டிருந்தோம். வெள்ளைக்காரர்கள் வாகையை வால்நட் என்றே சொல்லி விற்பார்கள். அவ்வளவு நல்ல பழுப்பு, அவ்வளவு கெட்டி, இழைத்தால் தூசியில் தும்மித் தும்மியே சாகவேண்டியதுதான். சனி ஞாயிறுகளில் பஸ் ஏறிப் போய், மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் வைத்து, ஆணியே இல்லாமல் பல்லோடு பல் கோத்துச் செய்தேன். அக்கா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்று பார்ப்பாள்.

"நாலு அறை எதுக்குக் கண்ணு? எங்கிட்ட இருக்கறது ரண்டு சீலை. மிச்சத்துல புண்ணாக்குப் போட்டு வெக்கறதா?"

"வெச்சுக்குங்க. உங்க பெட்டி, உங்க இஷ்டம்."

அவள் சிரித்தாள். பெட்டியைக் கொடுக்கும் அன்று மன்னிப்பு என்கிற அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு நானே கெடு வைத்திருந்தேன். நான்காவது அறை பாக்கி இருக்கும்போது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள். தந்தி கிடைத்து நான் வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

ஒரு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், காலை பதினொரு மணி இருக்கும், அந்தக் கடைசி அறையைச் செய்து முடித்துப் பெட்டிக்குள் தள்ளினேன். வெண்ணெய் மாதிரிப் போனது. சரி பார்க்கலாம் என்று இழுத்தேன். பாதி வந்து நின்றது.

சிக்கிக்கொண்ட அறை எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியும், சுவரில் முட்டியதுபோல நிற்கும். இது அப்படி இல்லை. கொஞ்சம் இளகிக் கொடுத்து, பிறகு பிடித்தது. ஒரு துணியின் மறுமுனையை யாரோ கையில் வைத்திருந்தால் எப்படி இருக்குமோ, அப்படி. நெருக்கமாகச் செய்த பெட்டியில் காற்று அடைபட்டு அறையை உறிஞ்சும் என்று பையன்களுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் பெட்டிக்குப் பின்பலகை இன்னும் கோக்கவே இல்லை. குனிந்து பார்த்தால் பெட்டிக்கு அந்தப் பக்கம் வெளிச்சமும், கட்டுத்தறியில் நிற்கிற எருமையின் காலும் தெரிகிறது. நடுவில் ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தேன். அந்தப் பக்கமிருந்தும் இழுத்தது. முரட்டுத்தனமாக இல்லை, இருக்கிறாயா என்று கேட்பதுபோல, இரண்டு தடவை.

நம்பினால் நம்புங்கள், எனக்கு அப்போது பயத்தைவிட வெட்கம்தான் முதலில் வந்தது. யார் என்று தெரிந்துவிட்டது. அந்த நிமிஷம் நான் செய்யவேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், கையை விடாமல் "அக்கா" என்று ஒரு சொல். நான் கையை எடுத்துவிட்டேன். அறை தானாக, அவசரமே இல்லாமல், உள்ளே போய் மூடிக்கொண்டது.

அதோடு விட்டேனா என்றால், இல்லை. அன்று பொழுது சாய்வதற்குள் பின்பலகையைக் கோத்து மூடிவிட்டேன். இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

பெட்டி பீளமேட்டு வீட்டுக்கு மாட்டுவண்டியில் வந்தது. என் மனைவி மேலே மூன்று அறைகளில் துணிமணி வைத்தாள், நான்காவதில் ஒன்றும் வைக்கவில்லை. நடந்தது எதையும் நான் அவளிடம் சொன்னதில்லை. ஏன் காலியாகக் கிடக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். "அது அவங்களுதுங்க" என்றாள், கீரை ஆய்ந்துகொண்டே.

ஆட்கள் இல்லாத சமயம் நான் அந்த அறையை இழுத்துப் பார்ப்பேன். ஒரு தடவையாவது பிடிக்காதா என்று. வழவழவென்று வந்துவிடும். வருஷக்கணக்கில் இழுத்திருக்கிறேன், ஒருநாளும் பிடித்ததில்லை. அவள் விட்டுவிட்டாள் என்றே முடிவு செய்துகொண்டேன்.

அறுபதுகளின் கடைசியில் வீடு மாறினோம். பாரம் குறையட்டும் என்று அறைகளை முழுசாக வெளியே உருவி வைத்தபோதுதான் நான்காவதின் பின்பக்கத்தைப் பார்த்தேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவசரத்தில் இழைக்காமல், ரம்பம் அறுத்த சொரசொரப்போடு நான் விட்ட பலகை அது. அதன் மேல்விளிம்பில், சரியாக நான்கு விரல் அகலத்துக்கு, மரம் தேய்ந்து பளபளவென்று இருந்தது. மண்வெட்டிக் காம்பு கைபட்டுக் கைபட்டு ஆகுமே, அந்த மாதிரி. மூடிய பெட்டிக்குள் எந்தக் கையும் போகமுடியாத இடம். மற்ற மூன்றையும் திருப்பிப் பார்த்தேன், அவை நான் விட்டபடியே சொரசொரப்பாக இருந்தன.

போன மாசம் அறையை உருவி மறுபடி பார்த்தேன். அந்த இடம் முன்னைவிடக் குழிந்திருக்கிறது. விரல் வைத்தேன். சூடாகத்தான் இருந்தது, இப்போதுதான் யாரோ கையை எடுத்ததுபோல.