மாடிக் கம்ப்யூட்டரைக் கீழ்க் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நான், என் வீட்டுக்காரர், பட்டுக் கடை மேனேஜர், ஓரிக்கையிலிருந்து வந்திருந்த நெசவுக்காரர், அவ்வளவுதான். இன்டர்நெட்காரத் தம்பியையும் சேர்க்கலாம் என்றால், அவர் போனில் மட்டும்தான் இருந்தார். ஆள் ஐயம்பேட்டையில் ஒரு கம்பத்தின் மேல்.

இப்படி யார் யார் இருந்தார்கள் என்று மனசுக்குள் குறித்து வைத்துக்கொள்வது என் பழக்கம். ஏதாவது உடைந்தால், காணாமல் போனால், யாரைக் கேட்பது என்ற பயம். "உன்னை போலீஸ்காரனுக்குக் கட்டிக் குடுத்திருக்கணும்" என்பார் என் வீட்டுக்காரர்.

எங்கள் தொழில் சேலை நெய்வது இல்லை. நெய்கிறவர்களுக்கு அட்டை அடித்துத் தருவது. தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு, எந்த இழையைத் தூக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று சொல்வது ஓட்டை போட்ட இந்த அட்டைகள்தான். மாடியில் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக டிசைன் போடுவார். கீழ் அறையில் இன்னொரு கம்ப்யூட்டரும், அதோடு சேர்ந்த பஞ்சிங் மிஷினும், நானும். அவர் போட்டதை நான் கீழே எடுத்து அட்டையில் ஓட்டையாக அடிப்பேன். ஏழாவதோடு படிப்பு நின்றுபோனவள் நான். வந்த புதிதில் மவுஸைத் தொட்டாலே கை வேர்க்கும். இப்போதும் கொஞ்சம் வேர்க்கத்தான் செய்கிறது.

இந்தத் தொழிலில் டிசைன் வெளியே போகக்கூடாது. வேறு எங்கோ அட்டை அடிக்கக் கொடுத்த ஒரு பார்டர், முதல் சேலை தறியை விட்டு இறங்குவதற்குள் விசைத்தறியில் ஓடி, பாதி விலைக்குக் கடையில் தொங்கியதாம். அன்றிலிருந்து பட்டுக் கடை முதலாளி கடுமையாகிவிட்டார். டிசைனை மெயிலில் அனுப்பக்கூடாது, வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது. மிஷின் அறைக்குள் வருகிறவர்கள் யாராக இருந்தாலும் போனை வாசலில் இருக்கும் மூங்கில் தட்டில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். பென்டிரைவ் செருகும் ஓட்டைகளை எம்சீல் வைத்து அடைக்கச் சொன்னார் மேனேஜர். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து இரண்டு கம்ப்யூட்டரிலும் நானேதான் அடைத்தேன். மாடிக்கும் கீழ் அறைக்கும் ஒரு வயர் இருந்தது. அதை எலி கடித்துப் போட்டதிலிருந்து, வீட்டு வைஃபை வழியாகத்தான் டிசைன் கீழே இறங்கி வரும். அதற்கு வேறு வழியே கிடையாது. வேறு வழி இல்லாதபடி நாங்களே பார்த்துப் பார்த்துச் செய்து வைத்திருந்தோம்.

அன்று காலை வழக்கம்போல, மாடிக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு வைக்கும் ஃபோல்டர் பெட்டியைக் கீழிருந்து திறக்கப் போனேன். திறக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை என்றது.

"இன்னாமா, வரலையா?" என்றார் மேனேஜர். மிஷினுக்குப் பக்கத்து நாற்காலிதான் எப்போதும் அவருக்கு. புது டிசைன் அடிக்கும்போது கடைசி அட்டை விழுகிற வரைக்கும் நகரமாட்டார்.

"வருங்க சார். இருங்க."

"சாயங்காலம் வெளக்கு வெக்கிறதுக்குள்ள அட்டை இவர் கையில இருக்கணும்மா. கல்யாணச் சேலை. இல்லாட்டி டிசைன் கிராபை வாங்கிக்கினு வேற எடத்துக்குப் போயிடுன்னு சொல்லிட்டாரு மொதலாளி. நான் இன்னா பண்றது?"

நெசவுக்காரர் சுவரில் சாய்ந்தபடி, "பாவு பிணைச்சு தறி சும்மா கெடக்குது அக்கா. வீட்ல என்னைப் பாத்தாலே என் சம்சாரம் எதையாவது வாங்கியாரச் சொல்லி வெளிய அனுப்புது" என்றார்.

எங்களுக்கு வருகிற வேலையில் முக்கால்வாசி அந்தக் கடையுடையது. ஒரு டிசைன் வேறு இடத்துக்குப் போய்விட்டால் மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே போய்விடும். மிஷின் கடன், பெரியவளின் காலேஜ், கரண்ட் பில் என்று ஒவ்வொன்றாக என் தலைக்குள் வரிசையில் வந்து நிற்க ஆரம்பித்தன.

மாடிப்படியில் நின்று கத்தினேன். "ஏங்க, நெட் இருக்குதா உங்களுக்கு?"

"இருக்குதே. ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

படித் திருப்பத்தில் மாட்டியிருக்கும் வைஃபை பெட்டியை அணைத்து, சாமி பெயரைச் சொல்லிப் போட்டேன். பச்சை விளக்குகள் எல்லாம் வந்தன. கீழ்க் கம்ப்யூட்டரிலும் நெட் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. டில்லியில் இன்றைக்கு மழையா என்று கேட்டால் சொல்கிறது. நான் போகவே போகாத ஊர்களின் தெருக்களையெல்லாம் காட்டுகிறது. என் தலைக்கு நேர் மேலே, ஒரு தளம் தாண்டி இருக்கும் கம்ப்யூட்டரை மட்டும் தெரியவே தெரியாது என்கிறது.

இந்த இடத்தில்தான் எனக்குள் ஏதோ மாறியது. பயம் போகவில்லை, பயம் என்னை விட்டுப் போனதாக ஞாபகமே இல்லை. ஆனால் அதன் பக்கத்திலேயே இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. உலகமே தெரிகிற ஒன்றுக்கு மாடி ஏன் தெரியவில்லை? அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது போலிருந்தது. மேலே போய்ப் பார்த்தேன். அங்கேயும் அதே கதைதான். மாடிக் கம்ப்யூட்டருக்குக் கீழ்க் கம்ப்யூட்டரைத் தெரியவில்லை.

"ரெண்டுக்கும் சண்டை போலக்குது" என்றார் நெசவுக்காரர். "எங்க மாமனாரும் மச்சானும் இப்பிடித்தான். ஊர்ல எல்லார்கிட்டயும் பேசுவாங்க."

இன்டர்நெட்காரத் தம்பிக்குப் போன் போட்டேன். அவர் சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் செய்யலாம் என்று பேசிக்கொண்டே அறைக்குள் கால் வைத்தேன். மேனேஜர் கையை நீட்டி மறித்தார்.

"போனு வெளியமா."

"சார், அவர் சொன்னாத்தானே..."

"ரூல்னா ரூல்தான். நாளைக்கு மொதலாளி கேட்டா நான் இன்னா பதில் சொல்வேன்?"

எனக்கு அவரோடு வாதம் பண்ணத் தைரியம் கிடையாது. போனை மூங்கில் தட்டில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, நான் உள்ளே உட்கார்ந்துகொண்டேன். தம்பி கம்பத்தின் மேலிருந்து கத்தினார், நான் அறைக்குள்ளிருந்து கத்தினேன். நடுவில் லாரி போனால் வாசலில் நின்ற நெசவுக்காரர் குனிந்து கேட்டு எனக்குச் சொன்னார். எதிர்வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ தகராறு என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தம்பி கம்ப்யூட்டரில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறக்கச் சொன்னார். அதில் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார், நான் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தேன். வரிசை வரிசையாக எழுத்துகள் வந்து விழுந்தன.

"அக்கா, அதுல நூத்தித் தொண்ணூத்தி ரெண்டுன்னு ஆரம்பிக்கும், நாலு நம்பர் இருக்கும். புள்ளி வெச்சு வெச்சு. அதை எழுதிக்குங்க. மேலயும் போயி அதே மாதிரி எழுதியாங்க."

வீணாய்ப்போன அட்டை ஒன்றில் பென்சிலால் எழுதினேன். மாடிக்குப் போய் அங்கே வந்ததையும் அதன் அடியில் எழுதினேன். எழுதி முடித்ததும், அவர் கேட்பதற்கு முன்னாலேயே என் கண் ஓர் இடத்தில் நின்றது. நாள் முழுக்க அட்டையில் ஓட்டை சரியாக இருக்கிறதா, ஒன்று தப்பியிருக்கிறதா என்று பார்க்கிற கண். முதல் எண் ஒன்றுபோல் இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது எண், மாடியில் ஒன்று, கீழ் அறையில் நூற்றி ஒன்று.

"தம்பி, மூணாவது வேற வேறயா இருக்குதே. இருக்கலாமா?"

கம்பத்திலிருந்து ஏதோ சரசரவென்று சத்தம். விழுந்துவிட்டாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"இருக்கக் கூடாதுக்கா. கடைசி நம்பர் மாறலாம், அது ஆளுக்கு ஒன்னு, கதவு நம்பர் மாதிரி. மூணாவது நம்பரு தெரு மாதிரி. உங்க மாடி ஒரு தெருவுல இருக்குது, கீழ் ரூம் வேற தெருவுல இருக்குது. அதான் ஒன்னுக்கொன்னு தெர்ல."

ஒரே வீடு, இரண்டு தெரு. அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் இருக்கிற கவலையெல்லாம் ஒரு நிமிஷம் மறந்துபோய், இது எப்படி நடக்கும், எப்படி நடக்கும் என்றே ஓடியது.

"எந்த வைஃபைல இருக்குதுன்னு பாருங்கக்கா."

கீழ்க் கம்ப்யூட்டர் திரையின் மூலையில் இருந்த வைஃபை படத்தை அழுத்தினேன். எங்கள் வீட்டு வைஃபை பெயர்தான். ஆனால் அதன் கடைசியில் 'கெஸ்ட்' என்று ஒட்டிக்கொண்டிருந்தது.

அது நான் வைத்த ஏற்பாடு. வைகாசிக் கருட சேவைக்கு எங்கள் சின்ன காஞ்சிபுரம் வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. மெட்ராஸ், வேலூர் என்று சொந்தக்காரர்கள் முதல் நாள் ராத்திரியே வந்து படுத்துவிடுவார்கள். வந்ததும் தண்ணீர் கேட்பதற்கு முன்னால் வைஃபை கேட்பார்கள். நம் வைஃபைக்குள் வந்தால் டிசைன் எல்லாம் அவர்கள் கண்ணில் பட்டுவிடுமோ என்று எனக்குத் தூக்கம் போயிற்று. இந்தத் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன்: வருகிறவர்கள் நெட் பார்க்கட்டும், வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றுகூட அவர்களுக்குத் தெரியக்கூடாது. அவர் விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை வைத்துக் கொடுத்தார். அதன் பாஸ்வேர்டைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, ஆளாளுக்குச் சொல்ல முடியாமல், மிஷின் அறைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ஏற்பாடு நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. எங்கள் கம்ப்யூட்டரையே விருந்தாளியாக்கி, வீட்டை அதன் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

கருட சேவைக்குப் பிறகு நான் அடித்ததெல்லாம் கீழேயே இருந்த பழைய டிசைன்கள். மாடியிலிருந்து எதையும் எடுக்கவில்லை, அதனால் தெரியவில்லை. ஆனால் இதை மாற்றியது யார்? என் பழக்கம் தானாக ஓட ஆரம்பித்தது. கருட சேவை அன்று இந்த அறைக்குள் யார் யார் இருந்தார்கள்? சொந்தக்காரர்கள் எல்லாரும் தெருவில். வீட்டுக்காரர் தெருவில். நான் அடுப்படியில். ஓர் அவசர வேலை மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்து நாற்காலியில்...

அவரை எப்படிக் கேட்பது? மேனேஜர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். காலண்டரைப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"ஏம்மா... கருட சேவை அன்னிக்கி ஒரு தபா நான்தான் லேசா மாத்துனேன்."

"நீங்களா சார்?" என்றார் நெசவுக்காரர்.

"கூட்டத்துல தெருவுல எறங்க முடியல. எறங்கலாம்னாலும் மிஷின் ஓடிக்கினு இருக்குது, டிசைனை விட்டுட்டு எப்பிடிப் போறது? போனு தட்டுல இருக்குது. சரி, இதுலயே லைவ் பாக்கலாம்னு போட்டேன். நின்னு நின்னு வந்துச்சு. செவுத்துல வேற ஒரு பாஸ்வேர்டு இருந்துதா, அதைப் போட்டேன். நல்லா வந்துது."

"இன்னா சார் இது! ஊரு உலகமே பஸ்ஸு ஏறி வந்து நேர்ல பாத்துது. நீங்க தெருக்கோடியில சாமி போறப்ப இங்க குந்திக்கினு கம்ப்யூட்டர்ல பாத்தீங்களா?"

"சிரிக்காதபா. மேளம் மொதல்ல தெருவுல கேட்டுது. அது முடிஞ்சப்புறம் இதுல கேட்டுது. நான் ரெண்டு வாட்டி கும்பிட்டுக்கினேன்."

மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் மேலே ஓடிவிட்டார். வாசல் தட்டிலிருந்து தம்பியின் குரல் மட்டும், "அக்கா, இன்னாக்கா ஆச்சு? அக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

கெஸ்டை விட்டு வீட்டு வைஃபைக்கு மாற்றினேன். இனிமேல் அது தானாகப் போய் ஒட்டிக்கொள்ளாதபடி மறந்துவிடச் சொல்லி ஒரு பட்டன் இருக்கிறது என்றார் தம்பி, அதையும் அழுத்தினேன். கறுப்பு ஜன்னலைத் திரும்பத் திறந்து பார்த்தேன். மூன்றாவது எண் ஒன்று ஆகியிருந்தது. வேண்டியதில்லைதான், ஆனாலும் மேலே ஏறிப் போய் அங்கேயும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். இரண்டும் ஒரே தெருவில் இருந்தன. பெட்டியைத் திறந்ததும் டிசைன் கண்ணெதிரே வந்து நின்றது. என்ன டிசைன் என்று இங்கேயும் எழுதமாட்டேன். சேலை இன்னும் தறியில்தான் இருக்கிறது.

மிஷின் ஓட ஆரம்பித்ததும் எனக்குப் பசித்தது. அட்டைகளைக் கோத்துக் கட்டி நெசவுக்காரர் கையில் கொடுத்தபோது தெரு விளக்கு இன்னும் எரியவில்லை. அவர் அதைக் குழந்தையைப் போல் தோளில் சாய்த்துக்கொண்டு, "வரேன் அக்கா. வரேன் சார், அடுத்த கருட சேவைக்கு எங்க வீட்டு டிவி பெருசு, அங்க வாங்க" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

மேனேஜர் எழுந்தார். எப்போதும் கடைசி அட்டை விழுந்ததும் பையிலிருந்து பணத்தை எண்ணிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கிளம்புவார். அன்றைக்கு வாசல்வரை போய்த் திரும்பினார்.

"மொதலாளிகிட்ட இதைப் பத்தி..."

"எதைப் பத்திங்க சார்?" என்றேன்.

தலையை ஆட்டினார். செருப்பைப் போட்டுக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார். தெரு முனைவரை போனவர் திரும்பி வந்தார். பணம்தான் ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்தேன். மூங்கில் தட்டில் கிடந்த போனை எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே போனார்.

கடையிலிருந்து டிசைன் நிற்காமல் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் கூட வருவது வேறு ஓர் ஆள். அவரிடம் பாக்கியைக் கேட்டால், "அது மேனேஜர் கணக்குமா, எனக்குத் தெரியாது" என்கிறார். போன் பண்ணிக் கேள் என்கிறார் வீட்டுக்காரர். எப்படிக் கேட்பது? நான் பணத்தைக் கேட்டால், அன்றைக்கு நடந்ததை ஞாபகப்படுத்துகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டால்? அப்புறம் கடையே போய்விட்டால்? இரண்டு தடவை நம்பரை எடுத்தேன், இரண்டு தடவையும் வைத்துவிட்டேன். அந்தக் கல்யாணச் சேலை அட்டைக் கூலியில் முன்பணம் போக மீதி மூவாயிரத்து அறுநூறு ரூபாய் இன்னும் வரவேண்டியிருக்கிறது.